ஆமாம், ஒட்டித்தான் கொடுத்தேன்

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. நான் வேலை பார்த்த ஒர்க் ஷாப்பில் இப்போது இருக்கும் பையன்கள் மூன்று பேர் தனித்தனியாக அதே வீடியோவை அனுப்பியிருந்தார்கள். கேளம்பாக்கத்தில் ஏதோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு ஒருவர் கத்துகிறார். அவருடைய காரின் பின்பக்கத் தகட்டை எங்கேயோ கொடுத்து மாற்றியிருக்கிறார். உள்ளோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது. அதை நகத்தால் சுரண்டிக் காட்டி, "பாருங்க மக்களே, வெல்டிங்கே வைக்காம கோந்து போட்டு ஒட்டிக் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்கிறார். கீழே ஆயிரம் பேர் அவரோடு சேர்ந்து திட்டியிருக்கிறார்கள். "அண்ணே, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று பையன்கள் கேட்டிருந்தார்கள்.

சொல்கிறேன். அந்தக் காரை நான் பார்க்கவில்லை. ஒட்டியவர் ஒழுங்காக ஒட்டினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒட்டியதே குற்றம் என்பதுபோல் பேசுகிறாரே, அதற்குத்தான் இந்தப் பதில். நானும் ஒட்டித்தான் கொடுத்தேன். கதவு ஒட்டினேன், கூரை ஒட்டினேன், மீன் வண்டிக்குத் தளம் ஒட்டினேன். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்தேன். 'கோந்து மேஸ்திரி' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் ஏகாம்பரம். டிங்கர். நசுங்கின தகட்டை நிமிர்த்துவதும், அழுகின தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பதும் என் வேலை. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு ஷெட்டில் ஆறு வருஷம் கேஸ் வெல்டிங் பிடித்தேன். அந்த ஆறு வருஷத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கை வரைக்கும் தீப்பொறித் தழும்பு இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். பிறகு சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் பாடி செக்‌ஷனில் சேர்ந்தேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேதான்.

ஆக, வெல்டிங் தெரியாமல் பசையைப் பிடித்துக்கொண்டவன் இல்லை நான். வெல்டிங் நன்றாகத் தெரிந்ததால்தான் அதை விட்டேன்.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்குத் துருதான் நோய். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலைப் பார்த்து நிற்கிற எந்த வண்டிக்கும் உப்புக்காற்றிலிருந்து தப்ப வழியில்லை. அப்படி அழுகின இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் வைக்கிறோம் என்று வையுங்கள். தகட்டின் மேல் கம்பெனியில் கொடுத்த துத்தநாகப் பூச்சும் பெயிண்டும் வெல்டிங் பட்ட இடத்தில் எரிந்துபோகும். முன்பக்கம் பட்டி தேய்த்து, பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். பின்பக்கம் என்ன செய்வது? மூடிய இடுக்குக்குள் பிரஷ்ஷும் போகாது, விரலும் போகாது. இரண்டு மழைக்காலம் தாண்டினால் வெல்டிங் வைத்த கோட்டிலேயே பழுப்பாகக் கசிய ஆரம்பிக்கும். அதே வண்டி திரும்ப வரும். அதே இடத்தில் நானே மறுபடி வெட்டி, மறுபடி வெல்டிங் வைப்பேன். இதை ஒருவரும் ஏமாற்று வேலை என்று வீடியோ எடுத்ததில்லை.

ஒருமுறை எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு நாள் வகுப்பு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒட்டிப்பிறந்த இரண்டு குழல்கள் கொண்ட டியூப் ஒன்றைக் காட்டினார். ஒன்றில் பசை, இன்னொன்றில் அதை இறுக வைக்கிற மருந்து. எபாக்சி என்றார். முந்தைய நாளே ஒட்டிக் கொண்டுவந்திருந்த இரண்டு தகட்டுப் பட்டைகளை எங்கள் வெல்டர் தாஸிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். தாஸ் நல்ல பலசாலி. முகம் சிவக்க இழுத்தார். தகடு நீண்டு நெளிந்ததே தவிர ஒட்டு விடவில்லை. எல்லோரும் கை தட்டினோம். மதியம் பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அவரவர் வெல்டிங் கன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் மீதியிருந்த டியூபைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் வேலை கேவலமாகத் தோற்றது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தோண்டி எடுக்க வேண்டாம். மாமல்லபுரத்தில் டாக்சி ஓட்டுகிறவர் ஒருவருடைய காரில் கதவின் கீழ்ப்பாதி முழுக்கத் துரு. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை ஒட்டினேன். வெல்டிங்காரன் புத்தி என்ன சொல்லும்? இரண்டு தகட்டுக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது என்று சொல்லும். சி கிளாம்ப் என்ற இடுக்கியை வைத்து என் பலம் எல்லாம் காட்டி முறுக்கினேன். பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அது எனக்கு அப்போது தெரியவில்லை, பிதுங்கினதை அழகாக வழித்துத் துடைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். மூன்றாவது வாரம் டாக்சிக்காரர் வந்தார். பின் சீட்டில் அந்தத் தகடு படுத்திருந்தது.

"இன்னா மேஸ்திரி, கதவைச் சாத்தினா மேல்பாதிதான் வண்டியோட வருது. கீழ்ப்பாதி பூஞ்சேரி ரோட்ல கீது. நான் எறங்கிப் போய் பொறுக்கிகினு வந்தேன்."

எங்கள் ஒர்க் ஷாப் ஷெட்டே சிரித்தது. கோந்து மேஸ்திரி என்ற பெயர் அன்றுதான் விழுந்தது. நான் சிரிக்கவில்லை. அந்தத் தகட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பசை தடிமனாக நின்றிருந்ததோ அங்கே கதவின் பெயிண்ட்டையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. எங்கே நான் பலமாக முறுக்கினேனோ அங்கே மொழுமொழுவென்று வந்திருந்தது. தப்பு பசையிடம் இல்லை, என் கையில் இருந்தது. பெயிண்ட்டின் மேலேயே ஒட்டியதும் என் தப்புதான்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். ஒட்டும் ஓரத்தைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஷெட்டில் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியால் துடைக்கக் கூடாது, அதில் எப்போதும் எண்ணெய் இருக்கும். வீட்டிலிருந்து துவைத்த வெள்ளைத் துணி கொண்டுவருவேன். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம் தொட்டு ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு அங்கேயேதான் சுற்றும். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. டியூபை அமுக்கினால் முதலில் வருகிற ஒரு ஜாண் பசையைத் தூக்கிப் போட வேண்டும், அதில் இரண்டும் சரியாகக் கலந்திருக்காது. தேய்த்த இடம் ஒரு நூல்கூட வெறுமையாகத் தெரியாதபடி பசையைப் பூச வேண்டும், அதுதான் துருவுக்குப் போடும் பூட்டு. தகட்டை வைத்த பிறகு சரியில்லை என்று தூக்கக் கூடாது, நகர்த்தித்தான் சரி செய்ய வேண்டும். தூக்கினால் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். கிளாம்ப்பை விரல் பலத்துக்குத்தான் முறுக்கலாம். அப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டியை யாரும் தொடக் கூடாது.

இதோடு இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு வேலையிலும் அதே டியூபிலிருந்து, அதே நேரத்தில், இரண்டு விரல் அகலத் தகட்டுப் பட்டைகள் இரண்டை ஒட்டி, வண்டி நம்பரை எழுதி, கம்பியில் கோத்து என் பெஞ்சுக்கு மேல் தொங்கவிட்டேன். 'சாட்சி' என்று அதற்குப் பெயர் வைத்தேன். வண்டியை வெளியே விடும் முன்னால் சாட்சியின் ஒரு முனையைப் பெஞ்சிலுள்ள வைஸ் இடுக்கியில் கொடுத்து இழுத்துப் பார்ப்பேன். அது நின்றால்தான் வண்டி போகும். யாரும் சொல்லிக் கொடுத்து இதைச் செய்யவில்லை. அன்றைக்கு ஷெட் சிரித்த சிரிப்புதான் சொல்லிக் கொடுத்தது.

எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நான் சொன்னதும் கிடையாது. சேஸிஸ், சீட் பெல்ட் பிடிக்கிற இடம், சக்கரத்தைத் தாங்குகிற இடம் இதிலெல்லாம் கம்பெனிப் புத்தகம் வெல்டிங் என்றால் வெல்டிங்தான். இரண்டும் சேர்த்து வை என்று சில இடத்தில் போட்டிருக்கும், அங்கே பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்பாட் வெல்டிங் மெஷினால் வைக்க வேண்டும். இறுகின பசைக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. பசைக்கு நெருப்புதான் எமன். இந்தக் கடைசி விஷயத்தில்தான் என் வேலையே போகப் பார்த்தது.

அதற்கு எங்கள் இன்சார்ஜ் சுந்தரமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடி செக்‌ஷன் மொத்தமும் அவர் கையில். நாங்கள் மூர்த்தி சார் என்போம். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார். நம்மை 'யோவ்' என்று கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லிவிட்டால் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று தோன்றும். வண்டியைத் தொடும் முன்னால் கைக்குட்டையை விரித்து, அதன் மேல்தான் கையை வைப்பார், பெயிண்ட்டில் வியர்வை படக் கூடாதாம்.

வெல்டிங்கில் அவரை மிஞ்ச எங்கள் மாவட்டத்தில் ஆள் இல்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இடது கைக்காரர். சனிக்கிழமைகளில் யாராவது திணறினால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே கன்னைப் பிடிப்பார். காசு அடுக்கினதுபோல் புள்ளிகள் ஒரே அளவாக விழும். கன்னை எடுக்கும்போது புள்ளியில் இழுபடுகிற வால் எங்கள் எல்லோருக்கும் ஒரு பக்கம் முடிந்தால், அவருக்கு மட்டும் எதிர்ப்பக்கம் முடியும். அப்படிப்பட்டவர் பசையை எப்படி மதிப்பார்? "கதவு, கூரை ஒட்டிக்கய்யா. பாரம் ஏறுற எடத்துல கோந்து டியூபைத் தூக்கினு வந்த, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கஸ்தூரியக்கா வந்தார். சதுரங்கப்பட்டினத்துக்காரர். கரையில் மீன் ஏலம் எடுத்து, சொந்த மினி வேனில் ஐஸ் போட்டு, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்கிறவர். ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து வேனின் பின்பக்கத் தளத்தை அரித்துவிட்டன. ஏற்கெனவே மூன்று முறை தளம் மாற்றியாகிவிட்டது, அதில் இரண்டு முறை எங்களிடமேதான்.

"மூணு தபா வெல்டிங் வெச்சாச்சு, மூணு தபாவும் ஓட்டை. மீன் தண்ணி ரோடு பூரா ஒழுகிகினு போவுது. பின்னால வர்ற பைக்குக்காரன் என்னைப் பெத்தவங்க வரிக்கும் திட்டிகினு வரான். இந்தத் தபா இன்னா பண்ணப் போறீங்க?"

"இந்தத் தபா ஒட்டலாம்க்கா" என்றேன்.

"ஒட்டறதா? இன்னா மேஸ்திரி, செவுத்துல போஸ்டரா ஒட்டப் போற? மேல நானூறு கிலோ மீன் ஏறும்."

வேனுக்கு அடியில் அவரைக் குனியச் சொல்லிக் காட்டினேன். பாரத்தைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள் உறுதியாக இருந்தன. மேலே விரித்த தகடுதான் அழுகியிருந்தது, அதுவும் வெல்டிங் வைத்த புள்ளிகளைச் சுற்றி வட்டம் வட்டமாக. பக்கத்திலேயே டீசல் டேங்க். "பாரம் சட்டத்து மேலக்கா. தகடு தண்ணிய நிறுத்தினா போதும். தண்ணிய நிறுத்தறதுல வெல்டிங்கை விடப் பசை கெட்டி" என்றேன். அவர் நிமிர்ந்து சேலையை உதறிக்கொண்டார். "வண்டி நின்னா எங்க வூட்ல அடுப்பு நின்னுடும். அத்தை மட்டும் ஞாபகம் வெச்சிகினு இன்னா வேணா பண்ணு" என்று சொல்லிவிட்டார்.

மூர்த்தி சாரிடம் போனேன். வேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உக்காருங்க ஏகாம்பரம். எழுதிக் குடுங்க."

"என்ன சார் எழுதணும்?"

அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். 'இந்த வேனின் தளத்தைப் பசையால் ஒட்டுவது என் சொந்தப் பொறுப்பு. ஒட்டு விட்டுப்போனால் பாடி செக்‌ஷனிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் வெட்கப்படுகிற காரியம் ஒன்று உண்டென்றால் அந்தக் கையெழுத்துதான். ரோஷம் தலைக்கேறியிருந்தது, போட்டுவிட்டேன்.

வேலையை இரண்டு நாள் செய்தேன். சட்டங்களைக் கண்ணாடிபோல் தேய்த்தேன். தளத்தின் நடுவில் கிளாம்ப் எட்டாது என்பதால் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி அசையாமல் கிடந்தது. திங்கள் காலை சாட்சியை வைஸில் கொடுத்து இழுத்தேன், நின்றது. தளத்தின் மேல் ஏறிக் குதித்தேன். பெயிண்ட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் என் தங்கை மகள் நிச்சயதார்த்தம், நான் லீவு. அன்றைக்கு மத்தியானம் கஸ்தூரியக்கா வந்து வேனை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

நாலு மாதம் கழித்து, முதல் மழை முடிந்த வாரம், வேன் திரும்பி வந்தது. கஸ்தூரியக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க உங்க கோந்து மேஸ்திரி? வந்து பாக்கச் சொல்லு!"

தளத்தின் பின்னோரம் ஒரு கை நுழைகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. மீன் பெட்டியை இழுக்கும்போது மாட்டி இன்னும் கிழிந்திருக்கிறது. தாஸ் குனிந்து பார்த்துவிட்டு, "கோந்து காஞ்சி போச்சு மச்சான். கொஞ்சம் தண்ணி தெளிச்சிப் பாரேன்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மூர்த்தி சார் கைக்குட்டையை விரித்து, தூக்கி நின்ற ஓரத்தின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பாத்தீங்களா ஏகாம்பரம். ஒன்னும் அவசரமில்ல. சாயந்தரம் ரூமுக்கு வாங்க."

எனக்குப் பயம்தான். மறைக்க என்ன இருக்கிறது? பாடி செக்‌ஷனை விட்டால் வாட்டர் வாஷ்தான். முப்பது வருஷம் தகடு அடித்தவன் பைப்பைப் பிடித்துக்கொண்டு கார் கழுவ வேண்டும். பெரியவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அதைவிட, என் கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் பெரிய கவலை. அந்த ஒட்டு விடக் கூடாது. விட வழியே இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன். முன்பக்கம், நடுவில், இரண்டு ஓரத்திலும் பசை சாம்பல் நிறத்தில் கல்லாக இருந்தது. உளியை வைத்து அடித்துப் பார்த்தேன், உளிதான் வழுக்கியது. பின்னோரம் மட்டும் பசை கருத்துப்போய், அடிப்பிடித்த பால்போலப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. தொட்டால் உதிர்ந்தது. பசை இப்படித் தானாகக் கருகாது. அடிப்பக்கத்துக் கறுப்புப் பெயிண்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒன்று தெரிந்தது. இன்னும் தேய்த்தேன். இரண்டு, மூன்று, நாலு. பின்னோரத்தில் நாலு வெல்டிங் புள்ளிகள். அழகான புள்ளிகள். ஒவ்வொன்றின் வாலும் எதிர்ப்பக்கம் முடிந்திருந்தது.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. நான் லீவில் இருந்த அன்று, வேன் வெளியே போகும் முன்னால், ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று மூர்த்தி சார் வைத்து, மேலே கறுப்பு அடித்து மூடிய புள்ளிகள் அவை. இவன் ரோஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான், பாவம், வேலை போய்விடக் கூடாது என்றுதான் வைத்திருப்பார். அந்த நாலு புள்ளியின் சூட்டில் பக்கத்துப் பசை மொத்தமும் வெந்துபோயிருக்கிறது. வெந்த இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கிறது. மெல்லிய தகட்டில் தனியாக நின்ற புள்ளிகளும் மீன் பெட்டியின் இழுப்பில் தெறித்துவிட்டன. அவருக்கோ, 'நான் நாலு புள்ளி வைத்தும் இந்தக் கோந்து நிற்கவில்லையே' என்ற நினைப்பு. நல்ல மனசோடு செய்தார் என்பது புரிந்ததும் என் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்கு ஆனது. என் மேல் இரக்கப்பட்டவர் என் வேலையை நம்பவில்லை.

வெளியே வந்தேன். சாயங்காலம் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? பெஞ்சுக்கு மேல் தொங்கின கம்பியிலிருந்து அந்த வேனுடைய சாட்சியைக் கழற்றினேன். "எல்லாரும் கொஞ்சம் வாங்க. சார், நீங்களும் வாங்க" என்று கத்தினேன். அப்படி அவரை யாரும் அங்கே கூப்பிட்டதில்லை. கிரைண்டர் சத்தமெல்லாம் நின்றது.

"தாஸு, இது இந்த வேனுக்குப் போட்ட அதே பசை. இழு."

தாஸ் வைஸில் கொடுத்து, கட்டிங் பிளேயரால் இழுத்தார். தகடு நெளிந்தது, ஒட்டு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இப்ப இதும் மேல ஒரே ஒரு புள்ளி வெல்டிங் வை."

"இன்னாத்துக்கு மச்சான்?"

"வை சொல்றேன்."

வைத்தார். பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது. ஆறும்வரை எல்லோரும் நின்றோம். பிறகு தாஸ் வைத்த புள்ளியை உளியால் ஒரே தட்டில் எடுத்துவிட்டு, சாட்சியைக் கையில் எடுத்து இரண்டு விரலால் பிரித்தேன். வெந்த இடம் உதிர்ந்து திறந்துகொண்டது. உள்ளே கறுப்பு. அதை எடுத்துப்போய் வேனின் பின்னோரத்தில் வைத்துக் காட்டினேன். அதே கறுப்பு.

கஸ்தூரியக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்போ இந்த நாலு புள்ளிய வெச்சவன் எவன்?" என்று கேட்டார்.

புள்ளியின் வாலைப் பார்த்தாலே எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். தாஸ் தரையைப் பார்த்தார். நானும் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கண்ணை எடுக்காமல் மூர்த்தி சாரையே பார்த்தேன்.

"நான்தாம்மா வெச்சேன்" என்றார் அவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வண்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "யோவ், உன் நல்லதுக்குத்தான்யா வெச்சேன். எழுதிக் குடுத்துட்டு நிக்கிறியேன்னு வெச்சேன். சரி, போவட்டும். அந்தப் பேப்பரைக் கிழிச்சிப் போட்டுடறேன். பேசாம வெல்டிங் வெச்சிக் குடுத்துடு. முடிஞ்சிது."

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் சரி சார் என்று சொல்லியிருப்பான். வேலை நிலைத்துவிட்டது, பேப்பர் போய்விடும், சாரும் 'யோவ்' என்று கூப்பிட்டுவிட்டார். என்னால் முடியவில்லை.

"கிழிக்காதீங்க சார்."

"பின்ன?"

"இந்த வேன்ல மூணு தபா வெல்டிங் போச்சு. ரெண்டு தபா நம்ம ஷெட்டுலயே வெச்சது. யார்கிட்டயாவது எழுதி வாங்கினீங்களா? யாராவது செக்‌ஷனை வுட்டுப் போனாங்களா? நான் வெச்ச வெல்டிங்கும் போயிருக்கு, என்கிட்டகூட நீங்க வாங்கல. டியூபைக் கையில எடுத்தப்பதான் வாங்கினீங்க. மறுபடி ஒட்டத்தான் போறேன். எழுதித் தர மாட்டேன்."

"எழுதித் தராம எப்படிய்யா விடறது?"

கஸ்தூரியக்கா நடுவில் வந்தார். "இன்னா சார் பேஜாரு பண்றீங்க? வண்டி என்னுது. நாலு நாளா வாடகை வண்டில மீன் போய்கினு கீது. ஒட்டினவன் ஒட்டின எடம் கல்லாட்டம் கீது, நீ தொட்ட எடம்தான் புட்டுகினு போச்சு. அவனே ஒட்டட்டும். நீ கிட்ட வராம இருந்தா போதும்."

மூர்த்தி சாரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் முகம் சுருங்கியது, பிறகு என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டினார். அதே வாரம் பின்னோரத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினேன். கருகின பசையைச் சுரண்டுவதில் பாதி நேரம் மூர்த்தி சாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தார். அந்த வேன் அதற்குப் பிறகு பிரேக்குக்கு வந்தது, கிளட்சுக்கு வந்தது. கஸ்தூரியக்கா அதை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குகிற வரைக்கும் தளத்துக்காக வரவில்லை. இப்போது கம்பெனிப் புத்தகத்திலேயே, ஒட்டின ஓரத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைக்காதே என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பையன்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அன்றைக்கு ஷெட்டில் அதோடு முடியவில்லை. கஸ்தூரியக்கா பேசி முடித்ததும் எல்லோரும் கலையப் பார்த்தார்கள். நான் நகரவில்லை.

"அந்தப் பேப்பர் சார்?"

"அதான் கிழிச்சிடறேன்னு சொன்னேனே."

"கிழிச்சா என்ன நடந்துச்சின்னு யாருக்கும் தெரியாது சார். கோந்து வுட்டுப் போச்சு, சார் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டார்னுதான் நாளைக்குப் பேசுவாங்க. எனக்கு மன்னிப்பு வேணாம். நான் தப்பு பண்ணல. அந்தப் பேப்பர் ஃபைல்லயே இருக்கட்டும். அதுக்குக் கீழ, நடந்ததை உங்க கையால எழுதிடுங்க."

தாஸ் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

மூர்த்தி சார் ரூமுக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன், சாத்தவில்லை. ஃபைலோடு திரும்பி வந்தார். கைக்குட்டையை வேனின் பானெட்டில் விரித்து, அதன் மேல் ஃபைலை வைத்து, இடது கையால் நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன். 'மேற்படி வேனில் ஒட்டு விட்டதற்குக் காரணம் நான் பிறகு வைத்த நான்கு வெல்டிங். அதன் சூட்டில் பசை கருகிவிட்டது. ஏகாம்பரத்தின் வேலையில் குறை எதுவும் இல்லை. இனிமேல் ஒட்டும் வேலைக்கு யாரிடமும் எழுதி வாங்கத் தேவையில்லை.' கீழே முழுக் கையெழுத்து.

"போதுமாய்யா?" என்றார்.

"போதாது சார்" என்றேன். "தேதி போடல."

ஃபைலைத் திரும்ப வாங்கித் தேதியைப் போட்டார்.